ஏழாம் நம்பர் கண்ணாடியில் ஒரு கை

ஓதெம்மா அந்தக் கண்ணாடியைத் தண்ணீர் தொட்டுத் துடைப்பதை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. உலர்ந்த துணியால் துடைத்தால் ஒன்றும் தெரியாது. ஈரம் பட்டால் கை வந்துவிடும்.

வலது கை. ஐந்து விரலும் உள்ளங்கையும் முழுசாகத் தெரியும். தண்ணீர் கண்ணாடி மேல் சீராகப் படர்ந்து இறங்கும்போது அந்த இடத்தில் மட்டும் படராமல் விலகி, முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். காய்ந்ததும் மறைந்துவிடும். சோப்புப் போட்டுப் பார்த்தாள், வெந்நீர் விட்டுப் பார்த்தாள். அடுத்த முறை ஈரம் பட்டதும் கை அதே இடத்தில், அதே சாய்வில் வந்து நின்றது. ஹெக்ஸேன் என்ற கரைப்பானைத் தொட்டுத் துடைத்தால் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த ஆய்வுச்சாலையில் யாரைவிடவும் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஹெக்ஸேன் பாட்டிலை அந்தக் கண்ணாடி வரை கொண்டுபோக அவளால் முடியவில்லை.

ஹைதராபாத் நாச்சாரம் தொழிற்பேட்டையில், மருந்துகளைச் சிறு அளவில் செய்து பார்க்கும் ஆய்வுச்சாலை அது. உள்ளே வரிசையாகப் பதினோரு ஹூட்டுகள். ஆள் உயர அலமாரி மாதிரி இருக்கும். முன்பக்கம் மேலும் கீழும் நகரும் கண்ணாடி. மேலே புகையை உறிஞ்சும் குழாய். வேலை நடக்கும்போது கண்ணாடியைப் பாதிக்கு இறக்கிவிட்டு, அடியில் கையை மட்டும் உள்ளே விட்டு வேலை செய்வார்கள். ஏழாம் நம்பரில் இப்போது யாரும் வேலை செய்வதில்லை. புதிதாகச் சேரும் பையன்களுக்கும் பெண்களுக்கும் யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் இரண்டாம் நாளே அவர்கள் ஆறிலோ எட்டிலோ நெருக்கிக்கொண்டு நிற்பார்கள்.

ஓதெம்மா ஜனகாம் பக்கத்து ஊர்க்காரி. கிணறு வெட்டும்போது மண் சரிந்து புருஷன் சாயிலு உள்ளேயே போய்விட்டான். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது, கைக்குழந்தையாக ஒரு பெண். அண்ணன் வீட்டில் மூன்று வருஷம் இருந்துவிட்டு ஹைதராபாத் வந்தாள். முதலில் பெருக்கும் வேலை, பிறகு கண்ணாடிக் குடுவைகள் கழுவும் வேலை. படித்தது நாலாம் வகுப்பு வரை. தெலுங்கு மட்டும் படிப்பாள். ஆனால் கழுவிய குடுவையைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்து, அது சுத்தமா இல்லையா என்று அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

"தண்ணி ஒட்டினா சுத்தம். விலகினா ஏதோ மிச்சம் இருக்கு" என்பாள். அவ்வளவுதான் அவளுடைய பாடம்.

ஐந்தாம் வருஷம் ஆயில்பாத்துகள் அவள் பொறுப்புக்கு வந்தன. குடுவையை நேரடியாகச் சூடாக்க மாட்டார்கள். ஹாட்பிளேட் மேல் ஒரு எவர்சில்வர் கிண்ணம், அதில் சிலிக்கோன் எண்ணெய், அந்த எண்ணெயில் குடுவை. எண்ணெய்க்குள் ஒரு சென்சார் கம்பி இறங்கியிருக்கும். எவ்வளவு சூடு வேண்டும் என்று வைக்கிறோமோ அதைப் பார்த்து ஹாட்பிளேட் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். எண்ணெய் ஊற்றுவது, பழுப்பேறிக் கெட்டியானதும் மாற்றுவது, கழிவை சிங்க்கில் விடாமல் கேனில் சேர்ப்பது, எல்லாம் ஓதெம்மா. தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் மரத்தூள் போட்டு ஒற்றி, ஹெக்ஸேன் துணியால் தேய்த்து, செருப்புக்காலை வைத்து வழுக்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.

புதுசாக வருபவர்களிடம் ஒன்று மட்டும் சொல்வாள். "இந்த எண்ணெய்க்கு முகம் கிடையாது பிட்டா. நல்லெண்ணெய் காய்ஞ்சா வாசனை வரும், புகையும். தண்ணி கொதிக்கிறதுக்கு முன்னாடி சத்தம் போடும். இது முப்பதிலயும் இப்படித்தான் உக்காந்திருக்கும், நூத்தி எண்பதிலயும் இப்படித்தான் உக்காந்திருக்கும். கண்ணை நம்பாதே. நம்பரைப் பாரு."

வீட்டில் தன் பெண்ணை அழைப்பது போல அங்கே எல்லோரையும் அவள் தெலுங்கில் பிட்டா, குழந்தை, என்றுதான் அழைப்பாள். பி.எச்டி. முடித்தவர்களும் அந்த அழைப்புக்குத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவளுக்கென்று வருஷத்தில் ஒரு நாள் இருந்தது. தசராவுக்கு முதல் நாள், ஆயுத பூஜை.

பதினெட்டு வருஷத்துக்கு முன்பு, பானுமதி மேடம் ஆய்வுச்சாலைத் தலைமைக்கு வந்த முதல் தசரா. வர வேண்டிய ஐயர் வரவில்லை. தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு ஓதெம்மா ஓரமாக நின்றாள். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நீயே உடை."

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஓதெம்மா நெற்றியில் பொட்டில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

"வருஷம் பூரா இந்த ஹூட்டையெல்லாம் துடைக்கிறது யாரு? அவங்கதான் உடைக்கணும்" என்றார் மேடம், திரும்பிப் பார்க்காமலே.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அவள்தான். அண்ணன் வீட்டுக் கல்யாணங்களில் மஞ்சள் குங்குமத் தட்டு வரும் நேரம் பார்த்து அவள் கொல்லைப்பக்கம் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள். யாரும் போகச் சொன்னதில்லை, அவளாகவே போய்விடுவாள். இங்கே, பதினோரு ஹூட்டுக்கும் மஞ்சள் வைத்து, சாமந்தி சூட்டி, தேங்காயை ஒரே அடியில் பிளந்து, மூடியை ஏந்தி, ஒவ்வொரு ஹூட்டிலும் இரண்டு சொட்டுத் தேங்காய்த் தண்ணீர் தெளித்துக்கொண்டே போவாள். அந்தக் கால் மணி நேரம் எம்.எஸ்ஸி. படித்தவர்கள் எல்லாம் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள்.

போன வருஷ ஆயுத பூஜையில் ஏழாம் நம்பருக்கு வந்தபோது வித்யாசாகர் வழிமறித்தான். சித்திப்பேட்டைப் பையன், இருபத்தொன்பது வயது, சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய சோளமாவு ஜொன்ன ரொட்டியைப் பிடுங்கித் தின்னும் உரிமை உள்ளவன்.

"அக்கா, எல்லாருக்கும் ரெண்டு சொட்டு, எனக்கு மட்டும் நல்லா ஊத்து. மூணு தடவை தோத்துட்டேன் இந்த ரியாக்‌ஷன்ல. இனிமே கெமிஸ்ட்ரியை நம்பிப் பிரயோஜனம் இல்ல."

"சாமிக்கிட்டயே லஞ்சமாடா?"

"சாமிக்கு இல்லக்கா, ஹாட்பிளேட்டுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். ஓதெம்மாவும் சிரித்துக்கொண்டே மூடியைச் சாய்த்தாள்.

மறுநாள் தசரா, விடுமுறை. அதற்கு மறுநாள் காலையில் வித்யாசாகர்தான் முதலில் வந்தான். ஹாட்பிளேட்டைப் போட்டான், நூற்று முப்பது வைத்தான். குடுவையை எண்ணெய்க்குள் இறக்கக் கையை உள்ளே விட்டான்.

ஓதெம்மா கழுவும் அறையில் இருந்தாள். வெடிச் சத்தம் பெரிதாக இல்லை. இரும்புப் பெட்டியை யாரோ உதைத்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு வந்த குரலைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. ஓடினாள். கிண்ணத்தில் எண்ணெய் இல்லை. ஹூட்டின் சுவரில், கூரையில், அவன் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை எண்ணெய். அந்த எண்ணெய் ஒழுகியும் விழாது, ஒட்டிக்கொண்டே சுடும். கையை வெளியே இழுக்கும் அவசரத்தில் கண்ணாடியின் உள்பக்கத்தில் அறைந்திருந்தான். கண்ணாடி பாதிக்கு இறங்கியிருந்ததால் முகம் தப்பியது.

விசாரணை ஒரே நாளில் முடிந்தது. சென்சார் கிண்ணத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். சென்சார் வெளியே இருந்தால் அது அறைக் காற்றைத்தான் அளக்கும். சூடு வரவில்லை, வரவில்லை என்று ஹாட்பிளேட் எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டே போகும். அந்த ஆய்வுச்சாலையில் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது செய்து, பதறிப் பிடித்துக்கொண்ட தவறு அது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வித்யாசாகருக்கே வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி இடது கையால் கையெழுத்துப் போட்டான். கவனக்குறைவு என்ற ஒரு சொல் அந்தக் காகிதத்தில் இருந்தது. பானுமதி மேடமும் அதன் கீழ் கையெழுத்துப் போட்டார்.

ஸ்டோர்காரர் கிஷ்டய்யாவுக்கு மட்டும் வேறு காரணம் தெரிந்திருந்தது.

"நான் பதினேழு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்தேன்" என்று டீ குடிக்கும் இடத்தில் சொன்னார். குரலைத் தாழ்த்தவும் இல்லை. "பொட்டழிஞ்ச கை தேங்காய் உடைச்சா ஒரு நாள் இல்ல ஒரு நாள் கேக்கும். கேட்டுருச்சு."

ஓதெம்மா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள். "கிஷ்டண்ணா, போன வருஷம் உங்க மோட்டார் சைக்கிள் லாரியில மோதுச்சே, அன்னிக்கு உங்க வீட்டுல தேங்காய் உடைச்சது யாரு?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கிஷ்டய்யா முகம் சுருங்கியது. ஆனால் அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது ஓதெம்மா தன் கையை மடியில் கவிழ்த்தே வைத்திருந்தாள்.

கை தோன்றத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். முதல் முறை பார்த்தபோது வாளியைக் கீழே போட்டுவிட்டாள். பிறகு பழகிப்போனது. பழகிப்போனது என்பதும் சரியில்லை. மழைக்காலக் காலைகளில் ஏசி போட்டதும் கண்ணாடியில் பனி மாதிரிப் படியும். கை தானாகவே தெரியும். யாரோ உள்ளே நின்று, வெளியே விடச் சொல்லிக் கண்ணாடியில் கைவைத்திருப்பது போல இருக்கும். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் ஆறிலிருந்து எட்டுக்குப் போவாள். உறிஞ்சும் குழாய் மட்டும் ஏழில் சற்றுக் கூடுதலாக இரைந்த மாதிரித் தோன்றும்.

விபத்துக்குப் பிறகு மேடம் ஒரு மாற்றம் செய்தார். எவர்சில்வர் கிண்ணங்கள் போய், கனத்த கண்ணாடிக் கிண்ணங்கள் வந்தன. சென்சார் எண்ணெய்க்குள் இருக்கிறதா என்று பக்கவாட்டிலேயே பார்க்கலாம் அல்லவா?

அடுத்த ஆயுத பூஜைக்குத் தேங்காயைக் கிஷ்டய்யா உடைத்தார். மேடம் ஓதெம்மாவைத்தான் கூப்பிட்டார். "வேண்டாம் மேடம், கை வலி" என்று சொல்லிவிட்டு அவள் கழுவும் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அண்ணன் வீட்டுக் கொல்லைப்புறம் இங்கேயும் வந்துவிட்டது என்று நினைத்தாள். கிஷ்டய்யா குளித்து, புது வேட்டி கட்டி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, வாய் நிறைய மந்திரத்தோடு பதினோரு ஹூட்டுக்கும் தேங்காய்த் தண்ணீர் தெளித்தார். கை தாராளம்.

எல்லோரும் போன பிறகு பூக்களை எடுக்க உள்ளே வந்தாள். மூன்றாம் நம்பரில் புது எண்ணெய். முந்தின நாள்தான் அவள் ஊற்றியிருந்தாள், கண்ணாடியும் எண்ணெயும் வேறு வேறாகத் தெரியாத அளவுக்குத் தெளிவு. அதற்குள் ஏதோ ஒன்று அசைந்தது.

குனிந்து பார்த்தாள். மங்கலான வெண்ணிறத்தில் ஒரு மணி. எண்ணெயின் நடுவில் மெல்ல, மிக மெல்ல, கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அடியில் ஏற்கனவே இறங்கியவை ஒன்றோடொன்று சேர்ந்து, ரூபாய்க் காசு அகலத்துக்குத் தட்டையாகப் படுத்திருந்தன.

சமையல் எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் அடிக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் இந்த எண்ணெயைப் பற்றி இத்தனை வருஷத்தில் அவள் அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை. தண்ணீர் பட்டால் தெறிக்கும் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த விதி. சூடான எண்ணெய் அருகே தண்ணீர் கொண்டுபோக அவள் யாரையும் விட்டதில்லை. குளிர்ந்த எண்ணெய்க்கு அடியில் தண்ணீர் சத்தமில்லாமல் இரண்டு நாள் படுத்திருக்கும், அடியில் இருக்கும் ஹாட்பிளேட் முதலில் அதைத்தான் சுடும் என்று யாரும் சொன்னதில்லை, அவளும் யோசித்ததில்லை.

எனக்கு மட்டும் நல்லா ஊத்து.

பழுப்பேறிய பழைய எண்ணெய். பக்கவாட்டில் பார்க்க முடியாத எவர்சில்வர் கிண்ணம். அவள் சாய்த்த மூடி.

ஓதெம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து பதினோரு கிண்ணத்திலும் எண்ணெயை எடுத்துக் கேனில் ஊற்றி, கிண்ணங்களைக் கழுவி, உலர்த்தும் அடுப்பில் காயவைத்து, புது எண்ணெய் விட்டாள். முடிக்க மாலை ஆகிவிட்டது. வாட்ச்மேன் கேட்டதற்கு, பண்டிகை சுத்தம் என்றாள்.

இனி யாருக்கும் எதுவும் ஆகாது. அடுத்த வருஷம் பூஜைக்கு முன்னால் கிண்ணங்களை மூடிவைத்துவிட்டால் போதும். அதற்குக் காரணம் சொல்லவும் வேண்டியதில்லை. அப்படி நினைத்துத்தான் பஸ் ஏறினாள். வாயைத் திறந்தால் முதலில் சிரிக்கப் போவது கிஷ்டய்யா. நான் சொல்லலையா, அவ கைதான். கையால்தான் நடந்தது, அது உண்மைதானே? அந்த ஆள் சொன்ன பொய்யும் அவள் கண்ட உண்மையும் ஒரே வார்த்தையில் போய் முடிந்தன. அதுதான் அவளைச் சொல்லவிடாமல் தடுத்தது.

மூன்று வாரம் அப்படியே போனது. மறுபடி ஏழாம் நம்பர் பக்கம் போகவில்லை.

நான்காவது வாரம் ஒரு மத்தியானம், வாசல் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வித்யாசாகர் நின்றுகொண்டிருந்தான். முழுக்கைச் சட்டை, வலது கையைப் பாக்கெட்டில் விட்டிருந்தான். மெலிந்திருந்தான்.

"அக்கா! ரொட்டி இருக்கா?"

அவள் டப்பாவை நீட்டினாள். அவன் இடது கையால் மூடியைத் திறக்கப் பார்த்து, முடியாமல், வலது கையை வெளியே எடுத்தான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கைக்குள் மடங்கி அப்படியே ஒட்டியிருந்தன. தோல் மினுமினுப்பாக, இழுத்துக் கட்டிய மாதிரி இருந்தது. டப்பாவை அந்தக் கைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் அணைத்துத் திறந்தான்.

"எங்க பிட்டா இருக்கே இப்போ?"

"சித்தப்பா மருந்துக்கடையில. மூணு கம்பெனியில கிட்டத்தட்ட எடுத்துட்டாங்க. கடைசியா இங்க போன் பண்ணிக் கேக்குறாங்க, இங்க அந்தப் பேப்பர்ல இருக்கிறதைப் படிச்சுச் சொல்லுறாங்க. அதான், அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துட்டுச் சர்டிபிகேட் தருவாங்களான்னு கேக்க வந்தேன். மேடம் மீட்டிங்ல இருக்காங்களாம்."

ரொட்டியைப் பிய்த்தான். சாப்பிடவில்லை.

"எடுக்கச் சொல்லிக் கேக்கவும் வெக்கமா இருக்குக்கா. பொய்யா எழுதினாங்களா என்ன? தினமும் காலையில பல்லு விளக்கும்போது மனசுக்குள்ள அந்த சென்சாரைப் போடுறேன். எடுக்குறேன், கிளிப்புல மாட்டுறேன், எண்ணெய்க்குள்ள விடுறேன். தினமும் சரியாத்தான் போடுறேன். அன்னிக்குப் போட்டேனா இல்லையான்னு மட்டும் ஞாபகம் வரமாட்டேங்குது."

ஓதெம்மா வாயைத் திறந்தாள். "சாப்பிடு" என்றுதான் வந்தது.

உள்ளே வந்தவள் நேராக ஏழாம் நம்பருக்குப் போனாள். வேண்டுமென்றே தண்ணீரைத் தெளித்தாள். கை வந்தது. ஐந்து விரலும் நேராக, விரிந்து, நீளமாக.

பானுமதி மேடத்தின் அறையில் அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள், பூஜையிலிருந்து தொடங்கி, மூன்றாம் நம்பர் கிண்ணம் வரை. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஓதெம்மா, அது முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. நான் கையெழுத்துப் போட்ட பேப்பர் அது. சென்சார் வெளியே இருந்துச்சு. நீயும்தானே பாத்தே?"

"பாத்தேன் மேடம். அது எப்படி வெளிய வந்துச்சுன்னு பாக்கல."

"இப்போ எப்படித் தெரிஞ்சுக்க முடியும்?"

"வாங்க. காட்டுறேன்."

கழிவு அறையில் பழைய எவர்சில்வர் கிண்ணங்கள் கிடந்தன. ஒன்றை எடுத்து வந்தாள். கேனிலிருந்து பழுப்பு எண்ணெய். கடையில் வாங்கிய தேங்காயை வெளியே, கேட் அருகே கல்லில் உடைத்து, அதன் தண்ணீரை டம்ளரில் எடுத்து வந்தாள். சென்சாரைக் கிளிப்பில் மாட்டி எண்ணெய்க்குள் விட்டாள்.

"மேடம், கிட்ட வந்து பாருங்க. எங்க இருக்கு சென்சார்?"

"உள்ள."

"சத்தமாச் சொல்லுங்க."

மேடம் அவளைப் பார்த்தார். "உள்ள இருக்கு."

இரண்டு கரண்டி தேங்காய்த் தண்ணீரை ஊற்றினாள். எண்ணெய் அதை வாங்கிக்கொண்டது. மேலே ஒரு சுருக்கம்கூட இல்லை. நூற்று முப்பது வைத்து, ஏழாம் நம்பர் கண்ணாடியைக் கடைசி வரை இறக்கி, மேடத்தின் தோளைப் பிடித்து நாலடி பின்னால் இழுத்தாள். பதினெட்டு வருஷத்தில் அவள் மேடத்தைத் தொட்டது அதுதான் முதல் முறை.

அறுபது. எண்பது. ஆறிலும் எட்டிலும் நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். கிஷ்டய்யாவும் வந்து நின்றார். தொண்ணூற்றைந்து. எண்ணெய் அப்படியே இருந்தது. முகத்தில் எதுவும் காட்டவில்லை. நூற்று நான்கு. இப்போது யாராக இருந்தாலும் கையை உள்ளே விட்டிருப்பார்கள் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. கிண்ணத்துக்குள் டொக் என்று ஒரு சத்தம். இன்னொன்று.

பிறகு மொத்த எண்ணெயும் ஒரே வீச்சில் எழுந்து கண்ணாடியில் அறைந்தது.

எண்ணெய் கண்ணாடியில் மெல்ல வழிந்தது. அதன் பின்னால், கிளிப்பிலிருந்து பிடுங்கப்பட்டு, கிண்ணத்துக்கு வெளியே, கம்பியில் சென்சார் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அன்று தொங்கிய அதே பக்கம்.

"போட்டிருக்கான்" என்றார் மேடம், யாரிடம் என்று இல்லாமல்.

கிஷ்டய்யாதான் முதலில் வாயைத் திறந்தார். "நான் அன்னிக்கே சொன்னேன். யாராவது கேட்டீங்களா? அவ கைதான்னு..."

"கை இல்ல கிஷ்டண்ணா, தண்ணி" என்றாள் ஓதெம்மா. குரல் உயரவில்லை. "இந்த வருஷம் குங்குமம் வெச்ச உங்க கை ஊத்தின தண்ணியும் இதே மாதிரிதான் அடியில படுத்திருந்துச்சு, பதினோரு கிண்ணத்துலயும். பண்டிகையன்னிக்குப் பொழுது சாய்ற வரைக்கும் இருந்து நான்தான் எடுத்துப்போட்டேன். எடுக்கலைன்னா இப்போ எத்தனை பேரு கையைப் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு நிப்பாங்கன்னு நீங்களே எண்ணிக்குங்க."

கிஷ்டய்யா தன் கையைப் பார்த்தார். பிறகு ஸ்டோர் பக்கம் போனார். அதற்குப் பிறகு அவர் தேங்காயைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஆனால் அவளிடமும் அதிகம் பேசவில்லை.

புதுக் காகிதம் எழுத ஒன்பது நாள் ஆனது. மேலதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை என்று கேள்வி. மேடம் இரண்டு முறை தலைமை அலுவலகத்துக்குப் போய்வந்தார். பத்தாம் நாள் வித்யாசாகரை வரச் சொன்னார்கள்.

உறை கைக்கு வந்ததும் அவன் ஏழாம் நம்பருக்கு வந்தான். ஓதெம்மா அங்கேதான் காத்திருந்தாள். சோதனையில் தெறித்த எண்ணெயையெல்லாம் துடைத்து எடுத்துவிட்டாள்; பழைய கையை மட்டும் விட்டுவைத்திருந்தாள். எப்படிப் பிரித்துத் துடைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

"மேடம் எல்லாம் சொன்னாங்க" என்றான்.

"ம்."

"ஒரு வருஷம்கா. ஒரு வருஷமா என் கையையே நான் நம்பல."

அவள் தலைகுனியவில்லை. குனிந்தால் அழுகை வரும் என்று தெரியும். "எனக்குத் தெரிஞ்சே மூணு வாரம் சொல்லாம இருந்தேன் பிட்டா. அதையும் கேட்டுக்கோ. மேடம் அதைக் கேக்கவே இல்ல."

அவன் உறையை ஒரு முறை திருப்பிப் பார்த்தான். உறிஞ்சும் குழாய் இரைந்தது.

"நான்தானே நல்லா ஊத்தச் சொன்னேன்" என்றான் கடைசியில்.

"நீ கேட்டே. ஊத்தினது நான்."

அவன் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் காட்டி, "இதான் அதா? பசங்க சொன்னாங்க" என்றான்.

அவள் தண்ணீர் தெளித்தாள். கை வந்தது. வித்யாசாகர் அருகே போய், பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்து, கண்ணாடிக்கு அடியில் உள்ளே விட்டு, அதன்மேல் வைத்துப் பார்த்தான். கட்டைவிரல் பொருந்தியது. ஆள்காட்டி பொருந்தியது. நடுவிரல் பாதி. மற்ற இரண்டும் எழும்பவே இல்லை. கண்ணாடியில் இருந்த அந்த இரண்டு நேர் விரல்களை அவன் யாரோ ஒருவருடையதைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"துடைச்சிடுக்கா."

ஹெக்ஸேன் பாட்டிலை அவள் திறந்தாள். துணியை நனைத்து, விளிம்பிலிருந்து உள்நோக்கி, ஒவ்வொரு முறையும் புதுத் துணியால் துடைத்தாள். மூன்றாம் துணியில் முடிந்தது. அவன் பார்த்துக்கொண்டே நின்றிருந்து, முடிந்ததும், உறையை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு போனான்.

ஓதெம்மா கண்ணாடியில் தண்ணீர் தெளித்தாள். மேலிருந்து கீழ் வரை ஒரே பாய் விரித்த மாதிரிப் படர்ந்து இறங்கியது. எங்கும் விலகவில்லை. மறுபடி தெளித்தாள். வேலை முடியும் நேரத்துக்குள் ஆறு முறை தெளித்துப் பார்த்திருப்பாள். ஒவ்வொரு முறையும் வெறும் கண்ணாடி.

பாட்டிலைக் கீழே வைத்துக் குழாயைத் திறந்தாள். கையுறை போட மறந்து துடைத்திருந்தாள். வலது உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டாமல், முத்து முத்தாக உருண்டு, விரலிடுக்கு வழியே ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையை வெளிச்சத்தில் பிடித்து, கவிழ்த்தும் நிமிர்த்தியும், பஸ் வரும் நேரம் வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.